மந்திரவாதி மதிநூல்: ஐந்து நூற்பாவும் ஒரு புறனடையும்

பாயிரம்

பாயிரம் இல்லாத நூல் கதவில்லாத வீடு. பாயிரத்தில் சொல்ல வேண்டியவை எட்டு என்பது மரபு, எட்டையும் சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன், ஞாயிறு மாலைகளில் ஐந்து பேருக்கு எதிரே அட்டைத் தடுப்பு ஒன்றை நிறுத்தி அதன் பின்னால் உட்காரும் அடியேன். வழி, தவறு செய்து திட்டு வாங்கிக் கற்ற வழி. எல்லை, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையின் நான்கு விளிம்புகள். நூற்பெயர் மேலே உள்ளது. யாப்பு, நூற்பாவும் உரையும். உரை சற்று நீளம். நுதலிய பொருள், டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் போன்ற மேசைக் கதையாட்டங்களில் எதிரி மந்திரவாதியை எவ்வளவு ஈவிரக்கமின்றி ஆடலாம் என்பது. கேட்போர், அண்மையில் செத்தவர்கள். பயன், அடுத்த முறை காரணம் தெரிந்து சாவது.

ஆட்டம் அறியாதவர்க்கு ஒரு வார்த்தை. நான்கைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொள்வார்கள்: வாள்வீரன், பூசாரி, திருடி, சூனியக்காரி. ஒருவர் மட்டும் எந்தப் பாத்திரத்தையும் எடுக்கமாட்டார். ஏனென்றால் மீதி உலகம் முழுவதும் அவர்தான். சத்திரக்காரர், மழை, ஓநாய், அரசன், அரசனின் கடன்காரன் எல்லாம் அவரே. வீரன் வாளை வீசினால் இருபது முகப் பகடை உருளும்; பட்டதா இல்லையா என்று அது சொல்லும், பட்டபின் என்ன ஆயிற்று என்று இவர் சொல்வார்.

இவருக்கு ஆங்கிலத்தில் கேம் மாஸ்டர் என்று பெயர். நடத்துநர் என்று தமிழாக்கினால், ‘உள்ளே போ, உள்ளே போ’ என்று விசிலடிப்பவர் நினைவுக்கு வருவார். அதுவும் முற்றிலும் பொருந்தாதது அன்று. ஆயினும் டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டான்ஸ் மாஸ்டர் என்று அந்தச் சொல்லை நாம் முன்பே நம்முடையதாக்கிக்கொண்டதால், இந்நூல் முழுவதும் அவரை மாஸ்டர் என்றே அழைக்கும்.

சிக்கல் இதுதான். மாஸ்டர் எதிரியும் ஆவார், நடுவரும் ஆவார். எதிர்த்தரப்பு ஓநாயாக இருக்கும்வரை இதனால் தொல்லை இல்லை. ஓநாய் கடிக்கும், அதன் கொடுமைக்குப் பல் வரிசையே எல்லை. மந்திரவாதியின் கொடுமைக்கு எல்லை அவனை ஆடுகிறவரின் கற்பனை. அந்த வாரம் அலுவலகத்தில் அந்தக் கற்பனைக்கு என்ன நேர்ந்தது என்பது ஆடுபவர்களுக்குத் தெரியாது.

இதில் மூன்று கட்சிகள் உண்டு. இரக்கக் கட்சியினர் தாய்மாமன்கள்: மந்திரவாதியிடம் நெருப்புப் பந்து இருந்தும் சின்னப் பொறி ஒன்றை எறிந்துவிட்டு, ‘ஐயோ, தவறிவிட்டதே’ என்பார்கள். கணக்குக் கட்சியினர் வட்டிக்கடைக்காரர்கள்: எந்த மந்திரம் எத்தனை பேருக்கு எவ்வளவு சேதம் என்று காகிதத்தில் பெருக்கிப் பார்த்துப் பெரியதை எடுப்பார்கள். எமக் கட்சியினருக்கு விளக்கம் தேவையில்லை. அவர்கள் வீட்டு மேசையில் இருக்கைகள் காலியாக இருப்பதைக் கொண்டு அடையாளம் காணலாம். அடியேன் மூன்று கட்சியிலும் இருந்து, மூன்றிலிருந்தும் விலக்கப்பட்டவன். ஆகவே இந்நூல் நடுநிலையானது.

முதல் நூற்பா: பிறப்பு

கவண்பொறி வழித்தே கனற்பந்து, அதனை
எறிவோன் மந்திரத் தோன்என மொழிப.

என்பது என்னுதலிற்றோ எனின், மந்திரவாதியின் குலம் உணர்த்துதல் நுதலிற்று.

1971-இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் ‘செயின்மெயில்’ என்ற விதிநூலை வெளியிட்டார்கள். ஈயப் பொம்மைகளை மேசைமேல் அணிவகுத்து இடைக்காலத்துப் போர்களை ஆடுவதற்கான நூல் அது. அதன் கடைசியில் கற்பனைப் போர்களுக்கென்று ஒரு பின்னிணைப்பு. மந்திரவாதி அங்கேதான் படையில் சேர்ந்தான். அவன் எறியும் நெருப்புப் பந்து எவ்வளவு இடத்தைத் தாக்கும்? பெரிய கவண்பொறி எறியும் கல் எவ்வளவோ அவ்வளவு. அவன் விடும் மின்னல்? கனரகப் பீரங்கிக்கு ஒப்பு. அதாவது முதல் மந்திரவாதி ஞானியும் அல்லன், தவசியும் அல்லன். தாடி வைத்த கவண்பொறி.

மூன்று ஆண்டு கழித்து, 1974-இல், கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்கள். விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனிவா என்னும் சிற்றூரிலிருந்து, ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு ஆயிரம் படிகள். படைக்குப் பதில் தனி ஆள் என்று ஆட்டம் மாறியது. பத்தாயிரம் பேர் நிற்கும் களத்தில் கவண்பொறி ஒரு கருவி. ஐந்து பேர் நிற்கும் அறையில் அது பேரழிவு. இதை உணர்ந்தோ என்னவோ, அக்காலத்து விதிகள் மந்திரவாதிக்குப் பல கால்கட்டுகளைப் போட்டன. அவற்றுள் தலையாயது எழுத்தாளர் ஜாக் வான்ஸிடமிருந்து வந்தது. 1950-இல் வெளியான ‘தி டையிங் எர்த்’ கதைகளில் மந்திரவாதிகள் மந்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். சொன்னதும் அது மூளையிலிருந்து அழிந்துபோகிறது. தேர்வறையை விட்டு வெளியே வந்த மாணவன் நிலைதான். ஆட்டம் இதை அப்படியே எடுத்துக்கொண்டது. நன்றிக்கடனாக, வான்ஸ் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்து அடுக்கி வெக்னா என்ற மகா மந்திரவாதிக்குச் சூட்டியது. பின்னர் வந்த விதிகளில், சொல்லி முடிப்பதற்குள் ஓர் அடி விழுந்தால் மந்திரமே வீண் என்றும் இருந்தது.

ஐம்பது ஆண்டில் அந்தக் கட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. கவண்பொறி மட்டும் அப்படியே இருக்கிறது. எனவே மந்திரவாதி எறிந்தால் வலிக்கும் என்பது மாஸ்டரின் குணக்கேடு அன்று, குலவழக்கு.

இரண்டாம் நூற்பா: ஆயுள்

மூச்சுப் பதினெண் நொடியே, அதனால்
நாளை என்னும் சொல்அவற்கு இல்லை.

2014-ஆம் ஆண்டின் அரக்கர் தொகுப்பில் ‘மேஜ்’ என்று ஒரு சராசரி மந்திரவாதி இருக்கிறான். உயிர்ப்புள்ளி 40. அறிவு 17. ஒரு நாளைக்கு அவன் சொல்லக்கூடிய மந்திரங்கள், நிலைவாரியாக 4, 3, 3, 3, 1, கூட்டினால் 14. ஆட்டத்தில் ஒரு சுற்று என்பது 6 நொடி. நாற்பது புள்ளி உயிரோடு ஐந்து பேர் முன் நிற்பவன் எங்கள் மேசையில் மூன்று சுற்றுக்குமேல் நின்றதில்லை. ஆக, ஆயுள் 18 நொடி; இருப்பு 14 மந்திரம்; செலவு சுற்றுக்கு ஒன்றாக மூன்று. மீதிப் பதினொன்றையும் மடியில் முடிந்துகொண்டே சாகிறான், வாரிசின் பெயர் எழுதாமல் வங்கியில் பணம் போட்டு வைத்த கருமியைப் போல.

இதற்கு எதிரே ஆடுபவரின் சூனியக்காரியைப் பாருங்கள். ஐந்தாம் நிலையில் அவளிடம் மொத்தம் ஒன்பது மந்திரம். அவற்றில் நெருப்புப் பந்து எறியும் அளவுக்குப் பெரியவை இரண்டே. அதே 2014-இன் மாஸ்டர் கையேடு, நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மோதல்களை அவள் சந்திக்கலாம் என்று கணக்கிடுகிறது. எனவே அவள் மாதக் கடைசி இல்லத்தரசி போல எண்ணி எண்ணிச் செலவழிக்கிறாள். எதிரே நிற்பவனோ முதல் தேதியன்று சம்பளம் வாங்கி, இரண்டாம் தேதி உலகம் அழியும் என்று செய்தி கேட்டவன். பெரியதை முதலில் எடுப்பான், ஏன் எடுக்கமாட்டான்?

மாஸ்டர் கருணை, கொடுமை என்று எதையும் தேர்ந்தெடுக்கும் முன்பே இந்த ஏற்றத்தாழ்வு இருக்கிறது என்பதே இங்குக் கொள்ளத்தக்கது.

தடை: அப்படியானால் மாஸ்டர்தான் கையை இழுத்துப் பிடிக்க வேண்டும், தாய்மாமன் கட்சியே சரி.

விடை: அற்றன்று. அறிவு 17 உள்ளவன் முதல் ஆறு நொடியைப் பி.எஸ். வீரப்பா போலச் சிரிப்பதில் கழித்தால் ஆயுளில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. இரண்டாம் ஆறு நொடியில் தன் திட்டத்தை விளக்கினால் மூன்றில் இரண்டு. ஆடுபவர்கள் வென்றுவிடுவார்கள், உண்மை. ஆனால் வென்றபின் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்ற பெரியவரை அந்தக் குழந்தை பார்க்கும் பார்வை அது. விட்டுக்கொடுத்துக் கிடைத்த வெற்றியைக் கண்டுபிடிக்கும் புலன் மனிதருக்குப் பிறவியிலேயே உண்டு. எங்கள் மேசையில் அப்படி ஒரு சண்டை முடிந்தபோது யாரும் கத்தவில்லை. ஒருவர் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார். அன்றோடு இரக்கக் கட்சியிலிருந்து விலகினேன்.

மூன்றாம் நூற்பா: நோவு

நோவெனப் படுவது இருவகைத்து, அவைதாம்
குறிப்பேட்டு நோவும் நாற்காலி நோவும்.

குறிப்பேட்டு நோவு என்பது பாத்திரத்தின் காகிதத்தில் எண் குறைவது. நாற்காலி நோவு என்பது பாத்திரத்துக்கு உரியவர் ஒன்றும் செய்ய இயலாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. எந்த மந்திரம் கொடியது என்ற விவாதங்கள் பெரும்பாலும் முதலாவதையே அளக்கின்றன. நட்பு முறிவது இரண்டாவதால்.

நெருப்புப் பந்தை எடுத்துக்கொள்வோம். எட்டு ஆறுமுகப் பகடை, சராசரி 28. ஐந்தாம் நிலைச் சூனியக்காரிக்கு ஓரளவு திடமான உடம்பிருந்தால் உயிர்ப்புள்ளி 32. ஆகவே, சராசரியாக எறிந்தால், புருவம் கருகி, நான்கு புள்ளியோடு நிற்பாள். மேசை முழுவதும் கூச்சல். எல்லோரும் ஒரே நேரத்தில் பகடை உருட்டுகிறார்கள், பாதியாக்குகிறார்கள், பென்சில் தேடுகிறார்கள், மாஸ்டரின் வம்சத்தைப் பற்றி ஓரிரு கருத்து சொல்கிறார்கள். ஒருவரும் சும்மா இருக்கவில்லை. ஊர்த் திருவிழாவில் வாணவேடிக்கை தவறித் தேர்முட்டியில் விழுந்ததுபோல, வருடக்கணக்காகப் பேசுவார்கள்.

இப்போது ‘ஹோல்டு பர்சன்’. இரண்டாம் நிலை மந்திரம்தான். எண்ணளவில் ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனால் வீரன் மரக்கட்டையாகிறான். பக்கத்தில் வந்து வெட்டுபவனின் வெட்டுப் பட்டால் சேதப் பகடை இரட்டிப்பு என்பது போகட்டும். அது குறிப்பேட்டு நோவு. நாற்காலி நோவைக் கணக்கிடுங்கள். தன் முறை வரும்போதெல்லாம் விடுபட ஒரு பகடை உருட்டலாம், அவ்வளவுதான். எங்கள் மேசையில் முறை ஒருமுறை சுற்றிவர அரைமணி நேரம் ஆகும். நடுவில் வடை வந்தால் முக்கால் மணி. மூன்று முறை பகடை கைவிட்டால் அந்த மனிதர் ஒன்றரை மணி நேரம் மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்கிறார். பந்தியில் உட்கார வைத்து இலை போடாமல் விடுவது இதுதான். வாரம் முழுவதும் காத்திருந்து, இரண்டு பஸ் மாறி வந்தவர் அவர்.

‘கவுண்டர்ஸ்பெல்’ என்னும் எதிர்மந்திரம் இன்னும் நுட்பமானது. சூனியக்காரி இருபது நிமிடம் யோசித்து, புத்தகத்தைப் புரட்டி, எழுந்து நின்று, மந்திரத்தின் பெயரைச் சொல்கிறாள். மாஸ்டர் தடுப்புக்குப் பின்னாலிருந்து, ‘அது நடக்காது’ என்கிறார். அரசு அலுவலகச் சன்னல் ஒன்று சாப்பாட்டு மேசைமேல் திறந்ததுபோல் இருக்கும். 2014 விதிப்படி, மூன்றாம் நிலைக்கு உட்பட்ட மந்திரமானால் பகடையே இல்லாமல் அது வீண். செலவழித்த மந்திரம் போனது போனதுதான். 2024 திருத்தத்தில் தாக்கப்பட்டவருக்குத் தடுத்துக்கொள்ள ஒரு பகடை உண்டு. தோற்றாலும் இருப்புக் கழிவதில்லை. விதி வகுத்தோர் நாற்காலி நோவை அறிந்தே இந்த இழப்பீட்டைக் கொடுத்தனர் என்பது அடியேன் துணிபு.

பட்டியல் நீளும். ‘பானிஷ்மெண்ட்’ ஒருவரை வேறு உலகத்துக்கு ஒரு நிமிடம்வரை அனுப்பிவைக்கும். ஒரு நிமிடம் என்றால் பத்துச் சுற்று. பத்துச் சுற்று என்றால் அவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம். 2014 விதியின் ‘ஃபீபிள்மைண்ட்’ அறிவை 1 ஆக்கும். மீண்டும் தடுத்துக்கொள்ளும் வாய்ப்பு முப்பது நாள் கழித்து. கதைக்குள் முப்பது நாள்தான். காலண்டரில் அது எத்தனை மாதம் என்பது கதை ஊரும் வேகத்தைப் பொறுத்தது.

ஆகவே முடிவு: மந்திரவாதி குறிப்பேட்டு நோவைக் கணக்கில்லாமல் கொடுக்கலாம்; நாற்காலி நோவைக் கல்யாணத்தில் ஊறுகாய் பரிமாறுவதுபோல் கொடுக்க வேண்டும். ஒரே ஆளுக்கு ஒரே மாலையில் இரண்டு முறை கூடாது. இது மந்திரவாதியின் கருணை அன்று. அவனுக்குக் கருணை கிடையாது. விருந்துக்கு அழைத்தவரின் கடமை.

நான்காம் நூற்பா: அறிவு

கண்டதும் கேட்டதும் கற்றதும் கொள்க;
திரைக்குப் பின்னது திருட்டெனப் படுமே.

இந்நூலின் உயிர்நிலை இதுவே. மேற்சொன்ன மூன்றும் இதற்குப் படிக்கட்டு.

கொடுமை என்பதன் அளவுகோல் சேதம் என்று பலரும் மயங்குவர். 1987 நவம்பரில், ‘டிராகன்’ இதழின் 127-ஆம் எண்ணில், அதன் ஆசிரியர் ரோஜர் மூர் ஒரு தலையங்கம் எழுதினார். டக்கர் என்ற மாஸ்டரின் கோபோல்டுகளைப் பற்றியது. கோபோல்டு ஆட்டத்தின் எலிக்குஞ்சு. ஓர் அடிக்குத் தாங்காது. ஆனால் டக்கரின் கோபோல்டுகள் தங்கள் வளையை அறிந்தவை. எங்கே கதவடைப்பது, எங்கே தீ வைப்பது, எந்தச் சந்திலிருந்து எய்வது என்று தெரிந்து, கைதேர்ந்த வீரர்களை விரட்டி விரட்டி அடித்தன. கீழே இருக்கும் பெரும் பேய்களைவிட மேலே இருக்கும் இந்தக் குஞ்சுகளுக்கு வீரர்கள் அதிகம் பயந்தார்கள். ஆனாலும் அந்த மேசையில் இருந்தவர்கள் அதைப் பெருமையாகவே நினைவுகூர்ந்தார்கள். ஏன்? கோபோல்டுகள் தங்களுக்குத் தெரிந்ததைக் கொண்டு மட்டுமே கொன்றன. 2019-இல் கீத் அமான் ‘தி மான்ஸ்டர்ஸ் நோ வாட் தேர் டூயிங்’ என்று ஒரு புத்தகமே எழுதினார்: ஒவ்வொரு பிராணியும் தன் திறமைக்கும் உயிராசைக்கும் ஏற்ப எப்படிச் சண்டையிடும் என்று. அந்தத் தலைப்பிலேயே வரம்பும் இருக்கிறது. தெரிந்திருப்பது பிராணிக்கு, மாஸ்டருக்கு அன்று.

எனவே மந்திரவாதியின் ஒவ்வொரு செயலையும் கண், காது, ஏடு என்ற மூன்று சாட்சிகள் முன் நிறுத்த வேண்டும். சில வழக்குகள்.

வழக்கு ஒன்று. என் மந்திரவாதி சூனியக்காரியிடமிருந்து 65 அடி தள்ளி நின்று நெருப்புப் பந்து எறிந்தான். எதிர்மந்திரம் எட்டும் தூரம் 60 அடி. ‘அது எப்படி அவனுக்குத் தெரியும்?’ என்று கூச்சல். தீர்ப்பு: எதிர்மந்திரம் அவன் சொந்த ஏட்டிலேயே இருக்கிறது. தன் கைத்தடியின் நீளம் அறியாத கிழவன் உண்டோ? மனு தள்ளுபடி.

வழக்கு இரண்டு. கீழே விழுந்து கிடந்த வாள்வீரன்மேல் ‘மேஜிக் மிசைல்’ விட்டான். மூன்று அம்பு, தவறவே தவறாது. உயிர்ப்புள்ளி பூஜ்யத்தில் கிடப்பவனுக்கு ஒவ்வோர் அம்பும் சாவை நோக்கி ஒரு படி. மொத்தம் மூன்றே படி. வீரன் காலி. எமத்தனம் என்றார்கள். சாட்சியம் விசாரிக்கப்பட்டது: அதே வீரன் அதே சண்டையில் முந்தைய சுற்றிலும் விழுந்தான், பூசாரி தூர நின்று ஒரு சொல் சொல்ல எழுந்து வந்து மந்திரவாதியின் காதை வெட்டினான். காது இரண்டும் இருந்தபோதே அந்தச் சொல்லைக் கேட்டவன், தன் கண்ணால் அவன் எழுந்ததைக் கண்டவன், மறுபடியும் எழவிடுவானா? முதல் முறை விழுந்தபோதே அம்பு விட்டிருந்தால் குற்றம். இரண்டாம் முறை, படிப்பினை. விடுதலை.

வழக்கு மூன்று. இதில் அடியேனே குற்றவாளி.

மந்திரவாதியின் கோட்டைக்குள் புக ஐந்து பேரும் திட்டம் போட்டார்கள். ஒரு மாலை முழுவதும். வாசல் வழியா, மதில் வழியா என்று பேசிக் கடைசியில் சாக்கடை வழி என்று முடிவு செய்தார்கள். நான் தடுப்புக்குப் பின்னால் காப்பி குடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அடுத்த ஞாயிறு அவர்கள் சாக்கடையில் இறங்கினார்கள். அங்கே அவன் எலும்புக்கூடுகளோடும் ஒரு பனிப்புயலோடும் காத்திருந்தான். அருமையான காட்சி. எழுதி வைத்துப் படித்தேன். யாரும் கத்தவில்லை. திருடியாக ஆடும் பெண், எங்களில் இளையவள், பகடையைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்:

“நாங்க சாக்கடை வழியா வர்றோம்னு யாருண்ணா கேட்டது? மந்திரவாதியா, நீங்களா?”

சமாளிக்கப் பார்த்தேன். அறிவு 17, ஊகித்திருப்பான் என்றேன். “மூணு வழில இதை மட்டும் ஊகிச்சானா? வாசல்ல ஒரு ஆள்கூடப் போடலையே” என்றாள். ஒற்றன் இருந்தான் என்றேன். “எந்த ஒற்றன்? நாங்க பேசினது உங்க வீட்டு மேசைலண்ணா.” காப்பி ஆறிப்போயிருந்தது. மந்திரவாதி அன்று யாரையும் கொல்லவில்லை; சேதம் மொத்தம் முப்பது புள்ளிகூட இராது. ஆனாலும் அதுவரை நான் செய்தவற்றுள் ஈவிரக்கமற்ற செயல் அதுதான்.

இதனால் பெறப்படுவது யாதெனின், கொடுமை மந்திரவாதியுடையதாக இருக்கும்வரை ஆடுபவர்கள் அவனை வெறுப்பார்கள். மாஸ்டருடையதாக ஆன கணத்தில் மாஸ்டரை வெறுப்பார்கள். முன்னது கதை. பின்னது சண்டை.

ஐந்தாம் நூற்பா: நோக்கம்

கொல்வோன் கடையே; வெல்வோன் இடையே;
செல்வோன் தலையெனச் செப்பினர் தெளிந்தோர்.

தன்னிடம் உள்ள அறிவை எல்லாம் மந்திரவாதி பயன்படுத்தலாம் என்று நிறுவியாயிற்று. எதற்காகப் பயன்படுத்துவான் என்பதே எஞ்சியது. கணக்குக் கட்சி, எமக் கட்சி இரண்டும் வழுக்குவது இங்கேதான். எதிரே நிற்பவர்களைக் கொல்வதே அவன் நோக்கம் என்று கருதுகின்றன. கதவைத் திறக்கும்வரை அந்த ஐந்து பேரை அவன் பார்த்ததுகூட இல்லை. வாழ்நாள் முழுவதும் அவனுக்கு வேறு வேலைகள் இருந்தன.

முன்னோர் நடை நோக்குக. கைகாக்ஸ் 1975-இல் பால்டிமோரில் நடந்த முதல் ஆரிஜின்ஸ் மாநாட்டில் ஆடவிட்டு, 1978-இல் அச்சிட்ட ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்னும் கல்லறை, ஆட்கொல்லி என்று பேர்பெற்றது. அதன் தலைவன் அசெரராக் பெரும்பாலும் யாரையும் துரத்துவதில்லை. கடைசி அறையில் மண்டையோடாகக் கிடக்கிறான். வருகிறவர்களை அவன் கட்டிவைத்த வீடே பார்த்துக்கொள்கிறது. வழியில் புதிர்மொழியில் எச்சரிக்கைகூட எழுதிவைத்திருக்கிறான். அடுத்து, டிரேசி ஹிக்மனும் லாரா ஹிக்மனும் 1983-இல் படைத்த ‘ராவன்லாஃப்ட்’ கோட்டையின் ஸ்ட்ராட், ரத்தக்காட்டேரியும் மந்திரவாதியுமானவன். அவன் வருவான், சீண்டுவான், போவான். 2016 மறுஆக்கத்தில் அவனிடம் நெருப்புப் பந்தும் உண்டு, தூரத்திலிருந்து உளவு பார்க்கும் மந்திரமும் உண்டு. அதனால் ‘அவனுக்கு எப்படித் தெரியும்’ என்ற கேள்விக்குக் கண் என்ற சாட்சி தயார். உயிர்ப்புள்ளி தீர்ந்தால் பனிமூட்டமாகிச் சவப்பெட்டிக்குத் திரும்புவான். ‘லிச்’ என்னும் செத்தும் சாகாத மந்திரவாதியைப் பற்றி நமக்கு விளக்கம் வேண்டியதில்லை. ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கூண்டுக் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்தவனைப் பாட்டிமார் நமக்கு எப்போதோ அறிமுகம் செய்துவிட்டார்கள். கிளிக்குப் பதில் இவனுக்கு ஒரு பேழை. அது உடையாதவரை பத்து நாளுக்குள் புது உடம்போடு எழுந்துவிடுவான்.

மூவருக்கும் பொது என்ன? மூவரும் உயிரைக் காக்கத் தங்கள் அறிவில் பெரும்பங்கைச் செலவிட்டவர்கள். ஆகவே, ஈவிரக்கமின்றி ஆடப்படும் மந்திரவாதி முதலில் செய்ய வேண்டியது கொலை அன்று, ஓட்டம். ‘மிஸ்டி ஸ்டெப்’ கண்ணிமைப்பில் 30 அடி. ‘டைமென்ஷன் டோர்’ 500 அடி. பறக்கும் மந்திரமும், கண்ணுக்குத் தெரியாமல் மறையும் மந்திரமும் சராசரி மேஜ் கையிலேயே இருக்கின்றன. பதினொரு மந்திரத்தோடு சாவதைவிட ஒரே ஒரு மந்திரத்தைச் செலவழித்து வாழ்வது கருமித்தனமும் ஆகும், புத்திசாலித்தனமும் ஆகும்.

சாக்கடை வழக்கில் தோற்றபின் இதைச் சோதித்தேன். அடுத்த மந்திரவாதி பனிக்கட்டி மழை ஒன்றைப் பொழிந்தான். இருபது புள்ளி உயிர் போனதும், ஒரு சொல்லும் பேசாமல், சன்னல் வழியே பறந்தான். போகிற போக்கில், வெளியே கட்டியிருந்த இவர்களுடைய கோவேறு கழுதையை அவிழ்த்து விரட்டிவிட்டான். கழுதையை அவன் கண்ணால் கண்டான். முதல் சாட்சி உண்டு. கழுதையின் முதுகில் சாப்பாடு, கயிறு, கூடாரம், பூசாரியின் மாற்றுத்துணி.

மேசை வெடித்தது. என் பன்னிரண்டு ஆண்டு அனுபவத்தில் எந்தச் சாவுக்கும் அப்படி ஓர் ஓலம் எழுந்ததில்லை. அரசன் காப்பாற்றச் சொன்ன நாட்டைக் கிடப்பில் போட்டுவிட்டு அவனைத் தேடிக் கிளம்பினார்கள். பதினான்கு மாதம். இடையில் மூன்று முறை பிடித்தார்கள், மூன்று முறையும் நழுவினான். நான்காம் முறை, அவனைப் பறக்கவிடாமல் சன்னலைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். செங்கல்லுக்கான விலையை அவர்களே கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். அவன் செத்த அன்று கழுதைக்கு மாலை போட்டார்கள்.

கொன்றிருந்தால் ஒரு வாரம் வருந்தியிருப்பார்கள். புதுப் பாத்திரம் எழுதிக்கொண்டு வந்திருப்பார்கள். ஓடிப்போனது மன்னிக்க முடியாததாக இருந்தது. ஈவிரக்கமின்மையின் உச்சம் இதுவென்று அறிக.

புறனடை

கூறாது ஒழிந்தன உளவெனின் அவற்றைக்
காப்பியின் சூட்டொடு கண்டுகொள் ளுகவே.

விதி எதுவாயினும் விலக்கு உண்டு. முதல் முறை ஆட வந்தவர்முன் தாய்மாமன் கட்சியே சரி. முதல் நிலைப் பாத்திரங்கள்மேல் உறக்க மந்திரம் விடுமுன் பெருக்கிப் பார்க்க: 2014 விதிப்படி ஐந்து எண்முகப் பகடை, சராசரி 22 சொச்சம், பாதிக் கூட்டம் குறட்டை விடும், புதியவர் இனி வரமாட்டார். ஒருவரின் பிறந்தநாளன்று அவர் பாத்திரத்தைக் கொல்லலாகாது. கேக் வெட்டிய பிறகு மாஸ்டரின் மனச்சாட்சிக்கு விடப்படுகிறது. எமன் வேடம் போடப்போகும் ஆட்டமானால் முதல் நாளே சொல்லிவிடுவது நலம். அசெரராக்கே எழுதிவைத்துவிட்டுத்தான் செய்தான்.

இறுதியாக ஒரு வழக்கு. சென்ற மாதம் அந்த இளையவள் மாஸ்டரானாள். முதல் முறையாக நான் தடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தேன், ஒரு வயதான பூசாரியாக. மந்திரவாதியின் கோபுரத்துக்குப் பின்படி வழியே ஏறினேன். மேல்படியில் காத்திருந்தான். முதல் மந்திரத்திலேயே மரக்கட்டையாக்கினான், இரண்டாவதில் விழுந்தேன், மூன்றாவதில் மூன்று அம்பு. வாழ்நாள் முழுவதும் எதிர்பார்த்திருந்த கேள்வியைக் கேட்கும் வாய்ப்பு. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

“பின்படி வழியா வர்றேன்னு யாரும்மா கேட்டது? மந்திரவாதியா, நீயா?”

அவள் நோட்டைத் திருப்பிக் காட்டினாள். போன வாரத் தேதி, அவள் கையெழுத்து: ‘பூசாரி சந்தையில் கிழங்குக்காரியிடம் பின்படிக்கு வழி கேட்டார். உரக்கக் கேட்டார். பக்கத்தில் ஒரு காக்கை.’

“விழுந்தவன் மேல முதல் தடவையே அம்பா? நான் எழுந்ததை அவன் இன்னும் பார்க்கவே இல்லையே.”

ஒரு பக்கம் முன்னால் புரட்டினாள். இரண்டு வாரத்துக்கு முந்தைய சண்டையில் வீரனை ஒரே சொல்லால் எழுப்பியது நான்தான். அதற்குக் கீழேயும் ஒரு வரி: ‘மதில்மேல் காக்கை.’

பூசாரியின் காகிதத்தை மடித்துவிட்டுப் பென்சிலைக் கூர் சீவினேன்.